ரெண்டு காது மிஷினும் ஒரு சம்மதமும்

காது திடீர்னு அடைச்சுக்கிட்டா எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. காது டாக்டர்கிட்ட அன்னிக்கே ஓடுங்க. இதை மட்டும் படிச்சிட்டு மிச்சத்தை நீங்க விட்டுட்டாலும் எனக்கு வருத்தம் இல்ல. எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். மிச்சத்தை என் மனசுக்காக எழுதுறேன்.

எனக்குத் திண்டுக்கல்ல தோல் வியாபாரம். ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, பதப்படுத்துற தோல்ஷாப்புகளுக்கு அனுப்புறது. வாலிபத்துல நானே ஒரு தோல்ஷாப்புல டிரம் பக்கத்துல நின்னு வேலை பாத்தவன். மரத்துல செஞ்ச அந்தப் பெரிய உருளை நாள் பூரா கடகடன்னு சுத்தும். பக்கத்துல நிக்கிறவன் காதோட வந்து கத்துனாத்தான் பேசுறது கேக்கும். பாதிக் காதை அங்கயே விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அது எனக்கே தெரியாது, அதுதான் வேடிக்கை.

தெரியாமப் போனதுக்குக் காரணம் எங்க வியாபார முறை. நாங்க விலையை வாயால பேச மாட்டோம். ரெண்டு பேர் கை மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக்கிட்டு உள்ள விரலைப் பிடிச்சுப் பேசுவோம். இந்த விரலைப் பிடிச்சா இம்புட்டு, ரெண்டு விரலைச் சேத்துப் பிடிச்சா அம்புட்டு. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கை உள்ள பேசிக்கிட்டிருக்கும், கண்ணு எதிராளி மூஞ்சியிலயே இருக்கும். இந்தத் தொழில்ல காது எதுக்கு? வருசக்கணக்கா நான் செவிடாகிக்கிட்டே வந்திருக்கேன், ஒரு பேரமும் தப்பல. என் சம்சாரம் ஜெய்த்தூன் மட்டும், "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரிதான் இந்த மனுசன்கிட்டப் பேசுறது"ன்னு தலையில அடிச்சுக்குவா. எல்லா வீட்டுலயும் பொண்டாட்டிமார் சொல்றதுதானேன்னு நானும் விட்டுட்டேன்.

இந்த நேரத்துலதான் எங்க ஒரே மக ரிஸ்வானாவுக்கு ரெண்டாவது நிக்காஹ் பேசி முடிச்சோம். மொத வாழ்க்கை அவளுக்குச் சரியா அமையல. ரெண்டு பக்கமும் சண்டை சச்சரவு கிடையாது, ஒரு நாள் பெட்டியோட வந்து நின்னு, "ஒத்து வரல அத்தா"ன்னு அப்பன் என்கிட்டச் சொன்னா. அம்புட்டுத்தான். முறைப்படி பிரிஞ்சாச்சு. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சரா சேந்துக்கிட்டா. சிரிப்பு வர்றதுக்கு மட்டும் ரொம்ப நாளாச்சு.

எங்க மார்க்கத்துல நிக்காஹுக்கு முன்னால பொண்ணுகிட்டப் போய்ச் சம்மதம் கேக்கணும். தகப்பனும் ரெண்டு சாட்சியும் பொம்பளைங்க பக்கம் போவோம். கன்னிப்பொண்ணா இருந்தா வெக்கத்துல பேசாம இருந்தாலும் சம்மதம்னு எடுத்துக்கலாம். மொத நிக்காஹ் அன்னிக்கு ரிஸ்வானா முக்காட்டுக்குள்ள தலையைக் குனிஞ்சு அழுதுக்கிட்டிருந்தா. சம்மதம்னு எடுத்துக்கிட்டு வந்தோம். ஏற்கெனவே ஒரு நிக்காஹ் ஆன பொண்ணுக்கு அது செல்லாது, வாயைத் தொறந்து சொல்லியாகணும். செம்பட்டியில டிராக்டர் சாமான் கடை வச்சிருக்குற ஹாரூனுக்குப் பேசி முடிச்ச அன்னிக்கு நான் மககிட்டச் சொன்னேன்: "இந்தத் தடவை நீ உன் வாயால சொல்லணும், நான் என் காதால கேக்கணும். கேட்டாத்தான் குடுப்பேன்."

"சரித்தா"ன்னா.

சொல்லிக் கொஞ்ச நாள்தான். காலையில எந்திரிக்கிறேன், வலது காது செத்துக் கிடக்கு. பஞ்சை வச்சு அடைச்ச மாதிரி. உள்ள மட்டும் பிரஷர் குக்கர் விடாம விசில் அடிக்குது. பள்ளிவாசல்ல தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யும்போது தண்ணி போயிருக்கும்னு ஒத்தக் காலுல குதிச்சுப் பாத்தேன். ஜெய்த்தூன் வெள்ளைப்பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துனா. ரெட்டியார்சத்திரத்துல ஒரு லோடு பாக்கப் போக வேண்டியிருந்துச்சு, போனேன். அதை முடிச்சிட்டுப் போகலாம், இதை முடிச்சிட்டுப் போகலாம்னு ஒரு வாரம் ஓடிருச்சு.

அப்புறந்தான் காது டாக்டர்கிட்டப் போனேன். டாக்டரம்மா காதுக்குள்ள வெளக்கு அடிச்சுப் பாத்தாங்க. அழுக்கும் இல்ல, தண்ணியும் இல்ல, பூண்டுதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு தாள்ல காதை வரைஞ்சு காட்டுனாங்க. வெளிக்காது, நடுக்காது, அதுக்கும் உள்ள நத்தை ஓடு மாதிரி உள்காது. அந்த நத்தைக்குள்ள பொடிசு பொடிசா முடி மாதிரி இருக்குமாம். சத்தத்தை வாங்கி நரம்புக்குக் குடுக்குறது அதுதானாம். அது திடீர்னு வேலை நிறுத்தம் பண்ணிருச்சு. முக்காவாசிப் பேருக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதாம்.

"மொத நாளே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் பாக்கலாம். ஸ்டீராய்டு குடுக்கணும், உங்களுக்குச் சுகர் இருக்குறதுனால அது எகிறும். அட்மிட் ஆகிருங்க"ன்னாங்க.

"எனக்கு மக நிக்காஹ் இருக்கும்மா. அன்னிக்குக் காது கேக்கணும்."

"முயற்சி பண்ணுவோம்"னாங்க. டாக்டருங்க வாயில முயற்சின்னு ஒரு சொல்லு வந்தா உறுதி இல்லைன்னு அர்த்தம். அன்னிக்கே அட்மிட் ஆகிட்டேன்.

ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல கன்னிவாடி விவசாயி மாரிமுத்து. சின்ன வயசுல இருந்து காதுல சீழ் வடிஞ்சு, எலும்பு வரைக்கும் அரிச்சு, ஆபரேசன் முடிஞ்சு தலையைச் சுத்திக் கட்டுப் போட்டிருந்தாரு. செவிட்டுக் காதுக்காரங்க ரெண்டு பேர் பேசுனா எப்படி இருக்கும்? அவரு கத்திரிக்காய் விலையைப் பத்திச் சொல்லுவாரு, நான் சுகர் எம்புட்டுன்னு பதில் சொல்லுவேன். நர்ஸு ஓடி வந்து, "ஏன் சண்டை போடுறீங்க?"ன்னு அதட்டும். "சண்டை இல்ல தாயி, பேசிக்கிட்டிருக்கோம்"னு மாரிமுத்து சொல்ல, வார்டே சிரிக்கும். அவரு சம்சாரம் கேப்பைக் கூழும் தொட்டுக்க ஒரு வெஞ்சனமும் கொண்டாரும்போது எனக்கும் டாக்டரம்மா சொன்னபடி உப்புக் கம்மியா தனியா ஒரு கிண்ணத்துல கொண்டாரும். நான் கேக்கவே இல்ல. அந்தக் கிண்ணத்தை நினைச்சா இப்பவும் கண்ணு கலங்குது.

மாத்திரை பத்தலைன்னு செவிப்பறை வழியா ஊசி போட்டாங்க. வலியைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன், சுருக்குன்னு ஒரு குத்து, அப்புறம் காதுக்குள்ள ஜில்லுன்னு இறங்கும், கட்டிலோட அறை சுத்தும். போட்ட பிறகு தலையைச் சாய்ச்சே படுத்திருக்கணும். பேசக்கூடாது, எச்சில் முழுங்கக்கூடாது, மருந்து தொண்டைக்கு இறங்கிரும். ஜெய்த்தூன் போர்வைக்குள்ள கையை விட்டு என் விரலைப் பிடிச்சுக்கிட்டா. ஒரு தடவை ரெண்டு விரலு, ஒரு தடவை மூணு விரலு, பயத்துல மாத்தி மாத்திப் பிடிக்கிறா. என் புத்தி இருக்கே, அதுபாட்டுக்கு விலை கணக்குப் போடுது. சிரிப்பு வேற வருது, சிரிக்கவும் கூடாது. கல்யாணம் ஆனதுல இருந்து எங்களுக்குள்ள அம்புட்டு நீளமா ஒரு பேரம் நடந்ததே இல்ல.

நரம்புல கட்டி கிட்டி இருக்கான்னு பாக்க ஸ்கேன் எடுத்தாங்க. அந்தக் குழாய்க்குள்ள சத்தம் தாங்க முடியாதுன்னு எல்லாரும் பயங்காட்டுனாங்க. எனக்கு எங்கயோ தூரத்துல ஆசாரி சுத்தியல் தட்டுற மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் முத முதலா உண்மையிலேயே பயந்தேன். இம்புட்டுப் பெரிய சத்தமே எனக்கு இம்புட்டுத்தான்னா, முக்காட்டுக்குள்ள இருந்து ஒரு புள்ளை மெதுவாச் சொல்ற ஒத்தைச் சொல்லு எனக்கு எப்படிக் கேக்கப் போகுது? கட்டி இல்லைன்னு சொன்னாங்க. அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன், ஆனா பயம் போகல.

அடுத்தது கேக்குற சோதனை. சுவரெல்லாம் பஞ்சு வச்சுத் தைச்ச ஒரு சின்ன அறை. காதுல ஹெட்போன், கையில ஒரு பட்டன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒட்டன்சத்திரத்துப் பொண்ணு ஒண்ணு, காதுச் சோதனை படிச்சது, உக்காந்து சின்னச் சின்னதா சத்தம் அனுப்பும். கேட்டா பட்டனை அமுக்கணும். நான் அமுக்கு அமுக்குன்னு அமுக்கித் தள்ளுனேன். எல்லாம் சரியா வருது. அந்தப் புள்ளைக்குச் சந்தேகம் வந்து, எந்திரிச்சு வந்து என் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பாக்க வச்சிருச்சு.

"ஏனுங்கய்யா, எம்பட தோளையே பாத்துட்டு இருந்தீங்களா?"

ஆமா. அது சத்தம் அனுப்பும்போதெல்லாம் தோள் லேசா அசையும். செத்த நேரத்துல எனக்கு அது பழகிப்போச்சு. எதிராளி புருவம் அசைஞ்சாலே விலையைக் கண்டுபிடிக்கிற ஆளு நான், வேணும்னு திருட்டுத்தனம் பண்ணல, கண்ணு தானாப் போயிருச்சு. சுவரைப் பாத்து உக்காந்த பிறகு என் கை பட்டன் மேல சும்மா கிடந்துச்சு. அந்த அமைதியில எனக்கு எல்லாம் விளங்கிருச்சு. இத்தனை வருசமா நான் காதால கேக்கல, கண்ணாலதான் கேட்டிருக்கேன். நிக்காஹ் அன்னிக்கு மக முகத்துல முக்காடு இருக்கும்.

கடைசிச் சோதனையில வலது காது கொஞ்சம் திரும்பியிருந்துச்சு. சத்தம் வருது, சொல்லு விளங்கல. இடது காது ஏற்கெனவே டிரம்முக்குக் குடுத்தது. ரெண்டுக்கும் மிஷின் வைக்கணும்னாங்க. விலையைக் கேட்டதும் நான் துண்டைத் தேடுனேன். அந்த விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். ஜெய்த்தூன், "மோட்டார் சைக்கிளுக்குக் காது கேக்குமா? வாங்குங்க"ன்னு ஒரே பேச்சா முடிச்சிட்டா.

மிஷினை மாட்டி விட்ட அந்த ஒட்டன்சத்திரத்துப் புள்ளை சொன்னதை அப்படியே எழுதுறேன், மத்தவங்களுக்கு உதவும். "கண்ணாடி போட்டா உடனே தெரியற மாதிரி இது இல்லீங்கய்யா. இது சத்தத்தக் கொண்டாந்து மட்டுந்தானுங்க குடுக்கும். எது பேச்சு, எது இரைச்சல்னு பிரிக்கறது உங்க மூளைங்க. அது ரொம்ப வருசமா தூங்கிட்டு இருந்திருக்குது. எழுப்பறதுக்கு நாளாகுமுங்க. கழட்டி மட்டும் வெச்சுறாதீங்க."

கழட்டித்தான் வச்சேன். மொத நாள் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, யா அல்லா, இந்த வீட்டுல இம்புட்டுச் சத்தமா? மேல சுத்துற காத்தாடி கத்துது. பேப்பரைப் புரட்டுனா மட்டை ஓலை முறியிற மாதிரி இருக்கு. நான் மிக்சர் மெல்லுறது எனக்கே அம்மி அரைக்கிற மாதிரி கேக்குது. கோபம் வந்து கழட்டி அலமாரியில போட்டுட்டேன். ரிஸ்வானா அதை எடுத்துட்டு வந்து என் போனையும் வாங்கிக்கிட்டு எதிர்ல உக்காந்துட்டா.

போனுக்குள்ள செட்டிங்ஸ்ல அணுகல்தன்மைன்னு ஒரு பக்கம் இருக்கு. கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, கை நடுங்குறவங்க எல்லாருக்கும் அதுல ஏதாச்சும் ஒண்ணு இருக்கு. இத்தனை நாளும் அது என் சட்டைப் பையிலயே கிடந்திருக்கு, நான் எட்டிப் பாத்ததே இல்ல. அவ அதுல மிஷினையும் போனையும் சேத்து வச்சா. வலதுக்கு எம்புட்டு, இடதுக்கு எம்புட்டு, இரைச்சலை எம்புட்டு அடக்கணும்னு எல்லாத்தையும் விரலால தள்ளி மாத்திக்கலாம். விரலால விலை பேசுனவனுக்கு அது கஷ்டமா? செத்த நேரத்துல பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் அவ மாடிக்குப் போய் எனக்குப் போன் பண்ணுனா. "அத்தா"ன்னா. அந்தச் சத்தம் போன்ல இருந்து வரல, என் ரெண்டு காதுக்குள்ள இருந்தே வந்துச்சு. தலைக்கு நடுவுல நின்னு கூப்பிட்ட மாதிரி. "கேக்குதாத்தா? கேக்குதா?"ன்னு கத்திக்கிட்டே மாடிப்படியில இறங்கி ஓடி வாரா. கேக்குது தாயின்னு சொல்றதுக்குள்ள அழுதுட்டேன்.

பேசுறதை எழுத்தாக் காட்டுற வசதியும் போட்டுக் குடுத்தா. வியாபாரத்துக்கு அது ஆகல, எங்க பேச்சை அது பாடப்புத்தகமா மாத்தப் பாத்து முழி பிதுங்கிரும். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பேசும்போது நல்லா உதவுச்சு. காலிங் பெல் அடிச்சா போன் அதிரும். யாராச்சும் கூப்பிட்டா, எடுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பொம்பளைக் குரல் காதுக்குள்ள பேரைச் சொல்லும். எல்லாத்தையும் விடப் பெருசு, போனையே மைக்கா ஆக்குறது. பேசுறவங்க பக்கத்துல போனை வச்சிட்டு நாம தள்ளி உக்காந்துக்கலாம், அவங்க பேசுறது நேரா மிஷினுக்கு வந்துரும். இரைச்சல்ல மிஷின் தனியாத் திணறும், போனும் சேந்தாத் திணறாது. நிக்காஹ் மண்டபம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். "அன்னிக்குப் போனை நான் கையில வச்சுக்கிறேன்த்தா"ன்னு அவளே சொல்லிட்டா.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, சொல்லிடுறேன். ஒரு நாள் சாப்பிடும்போது போனை மைக்கா ஆக்கி மேசையில வச்சிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு நான் முன் அறையில வந்து சாஞ்சிட்டேன். ஜெய்த்தூன் போனை எடுத்துட்டுப் போய் அடுப்படியில சார்ஜுல போட்டுட்டா. மைக்கு அணையல. பாத்திரம் கழுவுற சத்தத்தோட தாயும் மகளும் பேசுறது என் காதுக்குள்ள வருது.

"உங்கத்தாவுக்குக் கேக்கலைன்னாலும் கேட்ட மாதிரி தலையை ஆட்டிருவாருடி. நீ மனசைப் போட்டு அலட்டிக்காத"ன்னு ஜெய்த்தூன் சொல்றா.

"ஆட்டக்கூடாதும்மா. அவருக்குக் கேக்கணும். மொத நிக்காஹ் அன்னிக்கு நான் ஏம்மா வாயத் தொறக்காம இருந்தேன் தெரியுமா?"

என் கை மிஷின் மேல இருந்துச்சு. அமுக்குனேன், அணைஞ்சிருச்சு. ஒட்டுக் கேக்குறது பாவம்னு ஓதி வளந்தவன் நான், அதுக்காகத்தான் அணைச்சேன்னு அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நெசம் அது இல்ல. அவ தாய்க்குச் சொல்ற பதிலைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. செவிடா இருக்கும்போது கேக்கணும் கேக்கணும்னு துடிச்சேன், கேக்குறதுக்குன்னு காது வந்த பிறகு எதைக் கேக்கணும்னு பாத்து எடுக்க வேண்டியிருக்கு. அந்தப் பதிலு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவளா சொன்னாக் கேட்டுக்குவேன்.

நிக்காஹ் அன்னிக்கு மண்டபத்துல ஜே ஜேன்னு கூட்டம். ஜெனரேட்டர் ஒரு பக்கம், சோத்து அண்டா இழுக்குற சத்தம் ஒரு பக்கம், புள்ளைங்க ஓட்டம் ஒரு பக்கம். கொஞ்ச நேரத்துல மிஷின் வழியா எல்லாம் ஒண்ணாக் கொட்டி எனக்குத் தலை சுத்துது. என் சம்சாரத்தோட தம்பி சிக்கந்தர்தான் ஒரு சாட்சி. அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மச்சான், நீங்க ஏன் சிரமப்படுறீங்க? சாட்சி நாங்க ரெண்டு பேர் கேட்டாப் போதும். கேட்டு உங்ககிட்டச் சொல்றேன்"னான். நல்ல மனசோடதான் சொன்னான். "நீ உனக்குக் கேளு, நான் எனக்குக் கேக்குறேன்"னுட்டேன்.

பொம்பளைங்க பக்கம் போனோம். ரிஸ்வானா முக்காட்டுக்குள்ள உக்காந்திருந்தா. மடியில என் போனு. அவ மைக்கைப் போட்டு விட்டா. உடனே அவ வளையல் சத்தம் காதுக்குள்ள வந்துச்சு, மூச்சு வாங்குறது வந்துச்சு. மண்டபமே எங்கயோ போயிருச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டுக் கேட்டேன்.

"செம்பட்டி ஹாரூனுக்கு, மாப்பிள்ளை குடுக்குறதாப் பேசி முடிச்ச மஹருக்கு, உன்னைய நிக்காஹ் செஞ்சு குடுக்க உனக்குச் சம்மதமாம்மா?"

அவ போனை எடுத்து முக்காட்டுக்குள்ள வாய்கிட்டக் கொண்டுபோறா. அந்த நேரம் பாத்து ஒரு கால் வந்துச்சு பாருங்க. மைக்கு அறுந்துருச்சு. என் ரெண்டு காதுலயும் அந்தப் பொம்பளைக் குரல், "பிரியாணி மாஸ்டர்"னு கணீர்னு சொல்லுது. பின்னாடியே மணி அடிக்குது. ரிஸ்வானா பதறிப் போனைத் தட்டி அணைக்குறா. சுத்தி நிக்கிற பொம்பளைங்க முகமெல்லாம் மலருது. சிக்கந்தர் என் தோளைத் தட்டுறான். அவன் வாய் அசையிறதைப் பாத்துப் படிச்சேன்: "சொல்லிருச்சு மச்சான். வாங்க, நிக்காஹ் ஓதி வைக்க ஹஜ்ரத் காத்திருக்காரு."

தலை ஆட்டுறது என்ன பெரிய வேலை? ஆயுசு பூரா ஆட்டுன தலைதானே. எல்லாரும் என்னையவே பாக்குறாங்க. சாட்சி ரெண்டு பேரும் கேட்டாச்சு, மார்க்கப்படி எல்லாம் முடிஞ்சாச்சு. என் கழுத்து தானா அசையப் பாத்துச்சு. நான் விடல.

"எனக்குக் கேக்கலம்மா"ன்னேன். சத்தமாத்தான் சொல்லியிருப்பேன் போல, ஓடிக்கிட்டிருந்த புள்ளைங்க கூட நின்னு பாத்துச்சுங்க. "என் காதுல மாஸ்டர் பேருதான் விழுந்துச்சு. இன்னொரு தடவை சொல்லு தாயி."

ரிஸ்வானா மைக்கைத் திரும்பப் போட்டா. வளையல் சத்தம் வந்துச்சு. முக்காட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டு என்னையப் பாத்தா. போன்ல இருந்து வந்துச்சோ, வாயில இருந்து வந்துச்சோ, தெரியல. ரெண்டு காதுக்கும் நடுவுல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா விழுந்துச்சு.

"எனக்குச் சம்மதம் அத்தா. மனசாரச் சம்மதம்."

சுத்தமாக் கேட்டுச்சு. ஒரு எழுத்துக் குறையல. சிக்கந்தர் கையைப் பிடிச்சு இழுக்குறான், வெளிய ஹஜ்ரத் ஆள் அனுப்பிக் கூப்பிடுறாரு. நான் நின்ன இடத்தை விட்டு அசையல.

"கேக்கலம்மா"ன்னேன்.

என்னைய நல்லா உத்துப் பாத்தா. என் கண்ணு காட்டிக் குடுத்திருக்கும். கலகலன்னு சிரிச்சா, நிக்காஹ் பொண்ணு அப்படிச் சிரிக்கலாமான்னு கிழவிங்க முறைக்கிற அளவுக்குச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே போனை வாய்கிட்ட வச்சு மறுபடியும் சொன்னா.